ஒரு மைக்ரோ அம்பியரில ஒரு ஆம்ப்ளிஃபையர்: திருகோணமலைக் கடலுக்கு ஒரு சிப் டிசைன் பண்ணுவம்

திருகோணமலைக் கடல் மற்ற இடங்களை மாதிரி இல்ல, கொட்டியாரக் குடாவுக்குள்ள இருந்தே கடலடியில ஒரு பெரிய பள்ளத்தாக்கு இறங்கிப் போகுது, அதாலதான் நீலத்திமிங்கிலம் இவ்வளவு கரைக்குக் கிட்ட வருது எண்டு இஞ்ச போட் ஓட்டுற ஆக்கள் சொல்லுவினம். அதுகள் போடுற சத்தம் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸ் அக்கம்பக்கமும் அதுக்குக் கீழயும்தான். இதைக் கேக்கிறதுக்கு ஒரு மிதவையில ஹைட்ரோஃபோன், அதாவது தண்ணிக்குள்ள கேக்கிற மைக், ஒண்டைக் கட்டி விடுறம் எண்டு வையுங்கோ. ரெக்கோடரை ராப்பகலா ஓட விட்டா பற்றரி தாங்காது. ஆனபடியா ரெக்கோடர் நித்திரை கொள்ளட்டும், ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் மட்டும் எந்த நேரமும் முழிச்சிருந்து கேட்டுக்கொண்டு இருக்கட்டும், சத்தம் வந்தா மற்றதுகளை எழுப்பட்டும். அந்த முழிச்சிருக்கிற ஆம்ப்ளிஃபையரைத்தான் இதில டிசைன் பண்ணப் போறம், கடையில வாங்கிற ஒப்-ஆம்ப் வைச்சு இல்ல, சிப்புக்குள்ள ஒவ்வொரு ட்ரான்சிஸ்டரா வைச்சு.

கம்பஸில எலக்ட்ரோனிக்ஸ் படிக்கிற பெடியள் பெட்டையளுக்கு மொஸ்ஃபெட், டிஃபரென்ஷியல் பெயர், கரண்ட் மிரர் எல்லாம் தெரிஞ்சிருக்கும், அது காணும். சோஃப்ட்வெயருக்கும் காசு தேவையில்ல. 2020இல கூகிளும் சிப் அடிக்கிற ஸ்கைவோட்டர் கம்பனியும் சேர்ந்து 130 நானோமீற்றர் ப்ரொசெஸின்ர பிடிகேயை, அதாவது டிசைனுக்குத் தேவையான மொடலும் விதிகளும் அடங்கின பொதியை, எல்லாருக்கும் திறந்து விட்டதில இருந்து, எக்ஸ்கெம்மில சேர்கிட் கீறி, என்ஜிஸ்பைஸில சிமியூலேட் பண்ணி, மேஜிக்கிலயோ கேலேயவுட்டிலயோ லேயவுட் போட்டு முடிக்கலாம், உப்புவெளியில வீட்டுத் திண்ணையில இருந்துகொண்டே ஒரு பழைய லேப்டொப்பில. டைனி டேப்அவுட் மாதிரி, கனபேரின்ர டிசைனை ஒரே சிப்பில சேர்த்து அடிக்கிற இடங்களில அனலொக்கும் எடுக்கினம்.

முதல்ல என்ன வேணும் எண்டு எழுதி வையுங்கோ. எங்கட சங்கதிக்கு: கெயின் 100 மடங்கு, அதாவது 40 டெசிபெல். 10 ஹெர்ட்ஸில இருந்து 1 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் கேக்கோணும். உள்பக்க நொய்ஸ் 2 மைக்ரோவோல்ற் சுற்று. சப்ளை 1.8 வோல்ற். மொத்தக் கரண்ட் 2 மைக்ரோ அம்பியருக்குள்ள. திமிங்கிலத்தில எண்ணெய்த் திமிங்கிலத்தின்ர கிளிக் சத்தமும் வேணும் எண்டு ஆசைப்பட்டீங்கள் எண்டா பல கிலோஹெர்ட்ஸுக்குப் போகோணும், அது வேற டிசைன், வேற கரண்ட். லோ பவரில ஆசையைக் குறைக்கிறதுதான் பாதி வேலை, தேவையில்லாத ஒவ்வொரு ஹெர்ட்ஸுக்கும் நீங்கள் பற்றரியால காசு கட்டுறீங்கள்.

இனி அடிப்படை. பாடத்தில எங்களுக்குச் சொல்லித் தாறது ஸ்குவெயர் லோ, ஓவர்ட்ரைவ் 0.2 வோல்ற் எடுங்கோ, டபிள்யூ பை எல் (அகலம் பை நீளம்) கண்டுபிடியுங்கோ எண்டு. மைக்ரோ அம்பியருக்குக் கீழ வந்தா அந்தக் கணக்கு உதவாது. கேட் வோல்ற்றேஜ் த்ரெஷோல்டுக்குக் கீழ இருந்தாலும் ட்ரான்சிஸ்டர் செத்துப் போறதில்ல, கரண்ட் எக்ஸ்பொனென்ஷியலா ஓடிக்கொண்டுதான் இருக்கும், இதைத்தான் வீக் இன்வெர்ஷன் எண்டுறது. இதை வைச்சே அனலொக் சேர்கிட் கட்டலாம் எண்டு 1977இல எரிக் விட்டோஸும் ஜோன் ஃபெல்ராத்தும் எழுதிக் காட்டிச்சினம், சுவிற்சர்லாந்தில கைக்கடிகாரத்துக்குச் சிப் செய்த ஆக்கள், பட்டன் பற்றரியில வருசக்கணக்கா ஓட வேணும் எண்ட கட்டாயம் அவைக்கு இருந்தது. எங்கட மிதவைக்கும் அதே கட்டாயம்தான்.

இஞ்ச நீங்கள் பிடிச்சுக்கொண்டு போக வேண்டிய ஒரே கயிறு ஜிஎம் பை ஐடி. ஒரு அம்பியர் குடுத்தா எவ்வளவு ட்ரான்ஸ்கண்டக்டன்ஸ் கிடைக்குது எண்ட கணக்கு அது. வீக் இன்வெர்ஷனில இதின்ர உச்சம் 1 பை என் யூடி. யூடி எண்டது தேர்மல் வோல்ற்றேஜ், 27 பாகையில 25.85 மில்லிவோல்ற். என் எண்டது ஸ்லோப் ஃபெக்டர், 1.3 எண்டு எடுத்தா வோல்ற் ஒண்டுக்கு 30 கிட்ட வரும். இதுக்கு மேல மொஸ்ஃபெட்டில ஒருத்தராலயும் எடுக்க ஏலாது, பைபோலரில எண்டா 38 வரைக்கும் போகும்.

எவ்வளவு வீக்கா இருக்குது எண்டதை அளக்கிறதுக்கு இன்வெர்ஷன் கொஎஃபிஷியன்ட் எண்டு ஒரு நம்பர் இருக்கு, சுருக்கமா ஐசி. ட்ரான்சிஸ்டரில ஓடுற கரண்ட்டை, ப்ரொசெஸுக்கு உரிய ஒரு கரண்ட்டாலயும் டபிள்யூ பை எல்லாலயும் பிரிச்சா ஐசி. என்ஸ், க்ரூமெனாகர், விட்டோஸ் மூண்டுபேரின்ர இகேவி மொடலின்படி, உச்சத்தை எடுத்து 2 ஆல பெருக்கி, 1 கூட்டல் ரூட் அடைப்புக்குள்ள 1 கூட்டல் 4 ஐசி எண்டதால பிரிச்சா ஜிஎம் பை ஐடி வந்திடும். நம்பராப் பாத்தா ஐசி 0.1 இல 27, ஐசி 1 இல 18, ஐசி 10 இல 8. அதாவது ஐசியை 0.1 இல இருந்து 0.01 க்கு இறக்கினாலும் பெரிசா ஒண்டும் கூடக் கிடைக்காது, ட்ரான்சிஸ்டர்தான் 10 மடங்கு பெருக்கும். ஆனபடியா 0.1 சுத்துவட்டாரத்தில நிப்பாட்டுங்கோ, அதுக்குக் கீழ போறது வீண் வேலை.

அந்த ப்ரொசெஸ் கரண்ட் எவ்வளவு எண்டு என்னட்டக் கேட்டா, 130 நானோமீற்றரில என்மோஸுக்கு அரை மைக்ரோ அம்பியர் கிட்ட, பிமோஸுக்கு அதில கால்வாசி, இது கைக்கணக்கு. உங்கட கையால எடுங்கோ: ஒரு ட்ரான்சிஸ்டரை வைச்சு கேட் வோல்ற்றேஜை 0 இல இருந்து 1.8 வரைக்கும் ஸ்வீப் பண்ணி, ஒவ்வொரு இடத்திலயும் ஜிஎம் பை ஐடி, ஐடி பை டபிள்யூ, ஜிஎம் பை ஜிடிஎஸ் (ட்ரான்சிஸ்டர் தனியாத் தாற கெயின்) மூண்டையும் எடுத்து ஒரு அட்டவணையாப் போடுங்கோ. நீளம் 0.5, 1, 2, 5 மைக்ரோமீற்றருக்கு ஒவ்வொண்டு. ஒரு நாள் பின்னேர வேலை, அதுக்குப் பிறகு முழு டிசைனும் அந்த அட்டவணையைப் பாத்துப் பாத்துத்தான். 1996இல சில்வேரா, ஃப்லான்ட்ர், யெஸ்பெர்ஸ் எழுதின முறை இதுதான், இண்டைக்கும் இதை அடிக்க வேற வழி வரேல்ல எண்டதுதான் என்ர எண்ணம். சிப் அடிக்காமல் மேசையிலயே கண்ணால பாக்க விருப்பம் எண்டா சிடி4007 எண்ட, மொஸ்ஃபெட்டுகள் அடங்கின பழைய கடைச் சிப் ஒண்டு, 10 மெகா ஓம் ரெசிஸ்டர், ஒரு மல்டிமீற்றர் காணும், கொழும்புக்குப் போற ஆரிட்டையாவது சொல்லி விட்டா புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில கேட்டுப் பாப்பினம்.

சேர்கிட் எப்பிடி

ஹைட்ரோஃபோனுக்குள்ள இருக்கிறது பீசோ, அமுக்கினா வோல்ற்றேஜ் தாற பொருள், அது ஒரு கப்பாசிட்டர் மாதிரித்தான் நடக்கும், சில நானோஃபெரட். அதனால கெயினையும் கப்பாசிட்டராலயே செட் பண்ணுறது வசதி, கப்பாசிட்டர் கரண்ட்டே குடிக்காது. உள்ளுக்கு 20 பிகோஃபெரட், ஃபீட்பெக்கில 0.2 பிகோஃபெரட், ரெண்டையும் பிரிச்சா 100, கெயின் முடிஞ்சுது. ஸ்கைவோட்டரின்ர மிம் கப்பாசிட்டர் (ரெண்டு மெட்டலுக்கு இடையில செய்யிறது) சதுர மைக்ரோமீற்றருக்கு 2 ஃபெம்டோஃபெரட், ஆகவே 20 பிகோஃபெரட்டுக்கு 100க்கு 100 மைக்ரோமீற்றர் இடம் போகும். பீசோ நானோஃபெரட்டில இருக்கிறதால இந்த 20 பிகோ அதின்ர சிக்னலைத் தின்னாது. இந்த அமைப்பைப் பிரபலமாக்கினது 2003இல ஹரிசனும் சார்ல்ஸும், மூளை நரம்பின்ர சிக்னலை எடுக்கிறதுக்குச் செய்தவை, அவையின்ர ஆம்ப்ளிஃபையர் 16 மைக்ரோ அம்பியரில 2.2 மைக்ரோவோல்ற் நொய்ஸ் எடுத்தது. அவைக்கு 7.2 கிலோஹெர்ட்ஸ் தேவைப்பட்டது, எங்களுக்கு 1 தான், அதாலதான் நாங்கள் இவ்வளவு கஞ்சத்தனமாப் போகலாம்.

நடுவில வாறது ஓடிஏ, அதாவது வோல்ற்றேஜை வாங்கிக் கரண்ட்டாத் தாற ஆம்ப்ளிஃபையர், அதுக்கு கனக்க வகை இருக்கு. சும்மா 5 ட்ரான்சிஸ்டர் ஓடிஏ போட்டா கெயின் 45, 50 டெசிபெல்தான் வரும், எங்களுக்கு மூடின லூப்பிலயே 40 வேணும், மிச்சம் ஒண்டும் இராது, கெயின் சரியா 100 நிக்காது. ரெண்டு ஸ்டேஜ் மில்லர் போட்டா கெயின் வரும், ஆனா ரெண்டாவது ஸ்டேஜுக்கும் கரண்ட் குடுக்கோணும், அந்தக் கரண்ட் நொய்ஸைக் குறைக்க ஒரு உதவியும் செய்யாது. ஃபோல்டட் காஸ்கோடிலயும் (காஸ்கோட் எண்டது கெயினைக் கூட்ட ஒரு ட்ரான்சிஸ்டரோட இன்னொண்டை அடுக்கிறது) பக்கத்துக் கிளைகளுக்குக் கரண்ட் பிரியும். டெலஸ்கொபிக் காஸ்கோட்தான் நான் சொல்லுவன். கல்யாண வீட்டில முதல் பந்தி மாப்பிள்ளை பொம்பிளைக்கு எண்ட மாதிரி, டெயில் எண்ட மேல இருக்கிற கரண்ட் சோர்ஸில இருந்து வாற கரண்ட் முழுக்க முதல்ல இன்புட் பெயருக்குத்தான் போகுது, அதே கரண்ட்தான் பிறகு கீழ காஸ்கோடுக்கும் மிரருக்கும் இறங்குது. டெலஸ்கொபிக்கில அவுட்புட் ஸ்விங் குறைவு எண்டு புத்தகத்தில குறை சொல்லியிருப்பினம், எங்கட அவுட்புட் 100 மில்லிவோல்ற்றைத் தாண்டாது, ஆனபடியா அந்தக் குறை எங்களுக்குக் குறையே இல்ல.

இன்புட் பெயர் பிமோஸ். குறைஞ்ச ஃப்ரீகுவென்சியில ஃபிளிக்கர் நொய்ஸ் (ஃப்ரீகுவென்சி குறையக் குறையக் கூடுற நொய்ஸ்) தான் எதிரி, அது வழமையா பிமோஸில குறைவு. ஒரு விசயம், ஸ்கைவோட்டரில பிமோஸின்ர த்ரெஷோல்ட் என்மோஸை விடக் கூட, 1.8 வோல்ற் சப்ளையில இன்புட் கொமன் மோட் வோல்ற்றேஜை 0.6 வோல்ற் மாதிரிக் கீழ வைக்கோணும், இல்லாட்டி டெயில் ட்ரான்சிஸ்டர் நசுங்கிப் போகும். இடம் காணாட்டி லோ விடி வகை பிமோஸ் எடுங்கோ.

கரண்ட் எவ்வளவு

இதுதான் முழு விசயத்தின்ர நடு மையம், கொஞ்சம் ஆறுதலாப் பாப்பம்.

கனபேர் பான்ட்விட்த்தில இருந்து தொடங்குவினம். அப்பிடியே தொடங்கிப் பாருங்கோ. மூடின லூப்பின்ர பான்ட்விட்த் எண்டது ஃபீட்பெக் ஃபெக்டரை ஜிஎம்மால பெருக்கி 2π பெருக்கல் சிஎல்லால (லோட் கப்பாசிட்டர்) பிரிச்சது. ஃபீட்பெக் ஃபெக்டர் இன்புட் கேட்டின்ர கப்பாசிட்டன்ஸையும் சேர்த்து 110 இல ஒண்டு எண்டு வைப்பம். லோட் 5 பிகோஃபெரட் எண்டா, 1 கிலோஹெர்ட்ஸுக்கு ஜிஎம் 3.5 மைக்ரோ சீமன்ஸ் காணும். ஜிஎம் பை ஐடி 25 எண்டா ஒரு பக்கத்துக்கு 140 நானோ அம்பியர். ஆகா, இவ்வளவுதானா எண்டு சந்தோசம் வரும்.

இப்ப நொய்ஸைப் பாருங்கோ. வீக் இன்வெர்ஷனில ஒரு ட்ரான்சிஸ்டரின்ர நொய்ஸ் 4 கேடி (கே போல்ட்ஸ்மான் மாறிலி, டி வெப்பநிலை) பெருக்கல் என் பை 2, அதை ஜிஎம்மால பிரிக்கோணும். இன்புட்டில ரெண்டு பேர், கீழ மிரரில ரெண்டு பேர். மிரரின்ர ஜிஎம்மை இன்புட்டில 40 சதவீதமா வைச்சா மொத்தத்தில 1.4 மடங்கு. 3.5 மைக்ரோ சீமன்ஸுக்கு இது ரூட் ஹெர்ட்ஸுக்கு 93 நானோவோல்ற், 1 கிலோஹெர்ட்ஸ் ஒற்றைப் போலுக்குரிய நொய்ஸ் பான்ட்விட்த் 1571 ஹெர்ட்ஸ், ஆகவே 3.7 மைக்ரோவோல்ற். எங்களுக்கு வேண்டியது 2. நொய்ஸைப் பாதியாக்க வேணும் எண்டா ஜிஎம் 4 மடங்கு, அதாவது கரண்ட் 4 மடங்கு, இதில பேரம் பேச ஏலாது, இயற்கையின்ர விலை அது.

ஆக ஒரு பக்கத்துக்கு 0.5 மைக்ரோ அம்பியர், டெயிலில 1 மைக்ரோ. ஜிஎம் 12.5 மைக்ரோ சீமன்ஸ், நொய்ஸ் 49 நானோவோல்ற் பெர் ரூட் ஹெர்ட்ஸ், மொத்தம் 1.95 மைக்ரோவோல்ற், கப்பாசிட்டர் பங்கீட்டால கொஞ்சம் கூடி 2.1. ஆனா இப்ப பான்ட்விட்த் 3.6 கிலோஹெர்ட்ஸ் ஆகிட்டுது, தேவையில்லாத நொய்ஸும் உள்ளுக்கு வரும். அதால லோட் கப்பாசிட்டரை 18 பிகோஃபெரட் ஆக்குங்கோ, திரும்ப 1 கிலோஹெர்ட்ஸ். பாத்தீங்களா, கரண்ட்டை முடிவு பண்ணினது நொய்ஸ், பான்ட்விட்த்தை முடிவு பண்ணினது கப்பாசிட்டர். சென்சர் ஆம்ப்ளிஃபையர் எல்லாத்திலயும் கிட்டத்தட்ட இப்பிடித்தான், மெதுவான சிக்னலுக்கு ஸ்பீட் சும்மா கிடைக்கும், அமைதிக்குத்தான் காசு.

அப்ப மிரருக்கு ஏன் ஜிஎம் பை ஐடி குறைவா வைக்கிறம் எண்டு விளங்கியிருக்கும். அதே கரண்ட்தான் அதுக்குள்ளயும் ஓடுது, ஆனா அதின்ர ஜிஎம் எங்களுக்குத் தேவையில்ல, அது நொய்ஸ் மட்டும்தான் தரும். இன்புட் ட்ரான்சிஸ்டர் அகலம், மிரர் ட்ரான்சிஸ்டர் ஒல்லி நெடுவல். மிஸ்மெச்சும் (ஒரே மாதிரி அடிச்ச ட்ரான்சிஸ்டர்களுக்கு இடையில வாற வித்தியாசம்) இதையேதான் சொல்லுது. பெல்க்ரொம் 1989இல காட்டின மாதிரி த்ரெஷோல்ட் வித்தியாசம் ட்ரான்சிஸ்டரின்ர பரப்பின்ர ரூட்டுக்குத் தலைகீழ், அந்த வித்தியாசத்தை ஜிஎம் பை ஐடியால பெருக்கினா மிரரின்ர கரண்ட் பிழை. 3 மில்லிவோல்ற் வித்தியாசம் இருந்தா ஜிஎம் பை ஐடி 27 இல 8 சதவீதம் பிசகும், 10 இல 3 சதவீதம்தான்.

அளவுகள்: இன்புட் பிமோஸுக்கு டபிள்யூ 100, எல் 2 மைக்ரோமீற்றர். டபிள்யூ பை எல் 50, ஐசி 0.1 க்குக் கீழ, ஜிஎம் பை ஐடி 27 கிட்ட வரும், கணக்குப் போட்ட 25 ஐ விடக் கொஞ்சம் தாராளம். பரப்பு 200 சதுர மைக்ரோமீற்றர், இது ஃபிளிக்கருக்காக, பரப்பை ரெட்டிப்பாக்கினா ஃபிளிக்கர் நொய்ஸ் பவர் பாதியாகும். மிரர் என்மோஸுக்கு ஐசி 6 மாதிரி, டபிள்யூ 1, எல் 5.5. அதுக்கு சச்சுரேஷனுக்கு 0.2 வோல்ற் வேணும், வீக் இன்வெர்ஷனில இருக்கிற மற்றவைக்கு 0.1 வோல்ற் காணும். காஸ்கோடுகளைப் பற்றிப் பெரிசா யோசிக்காதேங்கோ, நொய்ஸில அவைக்குப் பங்கு குறைவு, வீக் இன்வெர்ஷனில வைச்சிட்டுப் போங்கோ. ஃபிளிக்கர் தேர்மலைச் சந்திக்கிற இடம் எத்தினை ஹெர்ட்ஸ் எண்டதை மட்டும் நொய்ஸ் சிமியூலேஷனில கட்டாயம் பாருங்கோ, எங்கட திமிங்கிலம் பாடுறதே 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ எண்டதால அந்த இடம் அதுக்கு மேல போனா இன்புட்டையும் மிரரையும் இன்னும் பெருப்பிக்கோணும். சொப்பர் (சிக்னலை ஸ்விட்ச்சால மாத்தி மாத்தி வெட்டிற முறை) போட்டும் ஃபிளிக்கரைக் கலைக்கலாம், ஆனா க்ளொக், ஸ்விட்ச், ரிப்பிள் எண்டு வேற தலையிடியள் வரும், முதல் சிப்புக்கு வேண்டாம். ஒரே கரண்ட்டில என்மோஸையும் பிமோஸையும் சேர்த்து ஜிஎம் எடுக்கிற இன்வெர்டர் வகை ஆம்ப்ளிஃபையரும் அப்பிடித்தான், கெட்டித்தனமான சாமான், ரெண்டாவது சிப்பில பாப்பம்.

கேட்டுக்கு டிசி குடுக்கிறது

கப்பாசிட்டர் ஃபீட்பெக் மட்டும் இருந்தா இன்புட் கேட் அந்தரத்தில தொங்கும், எங்கயாவது மிதந்து போகும். 0.2 பிகோஃபெரட்டுக்குப் பக்கத்தில ஒரு ரெசிஸ்டர் வேணும், 10 ஹெர்ட்ஸுக்குக் கீழ கோணர் (கெயின் விழத் தொடங்கிற ஃப்ரீகுவென்சி) வாறதுக்கு அது 100 கிகா ஓம் ஆவது இருக்கோணும். அப்பிடி ரெசிஸ்டர் சிப்புக்குள்ள போட ஏலாது. அதுக்குப் பதிலா டையோட் மாதிரிக் கட்டின ரெண்டு பிமோஸைத் தொடரா வைச்சா, ரெண்டு முனைக்கும் இடையில வோல்ற்றேஜ் சின்னனா இருக்கும் வரைக்கும் அது 100 கிகா ஓமுக்கு மேல காட்டும். சூடோ ரெசிஸ்டர் எண்டு பேர். இதில மூண்டு சங்கதி கவனிக்கோணும்.

ஒண்டு, இதின்ர நொய்ஸ். கனபேர் இதைக் கணக்கிலேயே எடுக்கிறதில்ல. ரெசிஸ்டர் எவ்வளவு எண்டாலும் 0.2 பிகோஃபெரட்டில கேடி பை சி நொய்ஸ் 144 மைக்ரோவோல்ற், இன்புட்டுக்குக் கொண்டு வந்தா 1.44 மைக்ரோவோல்ற். கோணர் 8 ஹெர்ட்ஸில நிண்டா இதில கணிசமான பங்கு நாங்கள் கேக்கிற இடத்துக்குள்ள வந்திடும், 2.1 ஓட சேர்ந்தா 2.5 வரைக்கும் போகலாம், நாங்கள் கஷ்டப்பட்டு மிச்சம் பிடிச்சது போச்சு. கோணரை 1 ஹெர்ட்ஸுக்குக் கீழ இறக்கி விடுங்கோ, அப்ப அந்த நொய்ஸ் பெரும்பாலும் சில ஹெர்ட்ஸுக்குக் கீழ குவிஞ்சிடும், பிறகு வாற ஸ்டேஜில 10 ஹெர்ட்ஸுக்கு ஒரு ஹைபாஸ் போட்டு வெட்டலாம். ரெசிஸ்டரைக் கூட்டினா நொய்ஸ் குறையுது எண்டது கேக்க விசித்திரமா இருக்கும், கணக்கைப் போட்டுப் பாருங்கோ.

ரெண்டாவது, வெப்பம். இஞ்ச சித்திரை வைகாசியில வெயில் எறிக்கிற எறிப்பில மூடின பெட்டிக்குள்ள 60 பாகை வரும் எண்டு வைச்சுத்தான் டிசைன் பண்ணோணும். ஜங்ஷன் லீக்கேஜ் 10 பாகைக்கு ஒருக்கா ரெட்டிப்பாகும் எண்டது கைக்கணக்கு, 27 இல இருந்து 60 க்கு 10 மடங்கு. அப்ப 1 ஹெர்ட்ஸில இருந்த கோணர் எங்க போய் நிக்குது எண்டு பாருங்கோ. மிதவை தண்ணியில கிடக்கிறதால சிப்பைத் தண்ணி மட்டத்துக்குக் கீழ வைச்சாலே பாதிப் பிரச்சினை தீர்ந்திடும், சேர்கிட்டால தீர்க்கிறதை விட இது மலிவு.

மூண்டாவது, வெளிச்சம். மூடாத சிப்பை மேசை லைட்டுக்குக் கீழ வைச்சு அளந்தா ஜங்ஷனில வெளிச்சம் பட்டுக் கரண்ட் வரும், சூடோ ரெசிஸ்டர் பொய் சொல்லும். மூடிப்போட்டு அளவுங்கோ. அதோட ஓன் பண்ணின உடன செட்டில் ஆகிறதுக்கும் நேரம் எடுக்கும், ஒரு ரீசெட் ஸ்விட்ச் வைச்சா நல்லம்.

பயஸ்

1 மைக்ரோ அம்பியர் எங்கயிருந்து வருது எண்டு கேளுங்கோ. பீற்றா மல்டிப்ளையர் எண்ட, தானே கரண்ட்டை நிர்ணயிக்கிற சேர்கிட்டைப் போடுங்கோ, வீக் இன்வெர்ஷனில அது தாற கரண்ட் யூடி பெருக்கல் லொக் கே பை ஆர். இதில கே எண்டது ரெண்டு ட்ரான்சிஸ்டரின்ர அளவு விகிதம், ஆர் எண்டது ரெசிஸ்டர். கே 8 எண்டா 53.7 மில்லிவோல்ற், 100 நானோ அம்பியருக்கு 537 கிலோ ஓம். ஸ்கைவோட்டரில சதுரத்துக்கு 2 கிலோ ஓம் பொலி ரெசிஸ்டர் இருக்கு, 270 சதுரம் பாம்பு மாதிரி வளைச்சுப் போட்டா சரி. இதில ஒரு வடிவான விசயம் இருக்கு: கரண்ட் வெப்பத்தோட கூடுது, வீக் இன்வெர்ஷனில ஜிஎம் எண்டது கரண்ட்டை என் யூடியால பிரிச்சது, யூடியும் வெப்பத்தோட கூடுது, ரெண்டும் ஒண்டை ஒண்டு வெட்ட ஜிஎம் கிட்டத்தட்ட அசையாமல் நிக்கும். வெயிலோ மாரியோ பான்ட்விட்த் ஒரே இடம். ரெசிஸ்டரின்ர மாற்றம் மட்டும் மிச்சம்.

இந்தச் சேர்கிட்டுக்கு ஒரு கரண்ட்டும் ஓடாத சோம்பேறி நிலை ஒண்டும் இருக்கு, ஸ்டார்ட்அப் சேர்கிட் இல்லாட்டி அதிலயே படுத்திடும். சப்ளையை 0 இல இருந்து மெதுவா ஏத்தியும் டக்கெண்டு ஏத்தியும் ரெண்டு விதமாயும் பாருங்கோ. 100 நானோவை மிரரில 10 மடங்காக்கி டெயிலுக்குக் குடுங்கோ. பீற்றா மல்டிப்ளையரின்ர ரெண்டு கிளை, காஸ்கோடுக்கு பயஸ் குடுக்கிற சின்னக் கிளைகள் எல்லாம் சேர்த்து 0.4 மைக்ரோ, மொத்தம் 1.4 மைக்ரோ அம்பியர், 2.5 மைக்ரோவாட். நொய்ஸ் எஃபிஷியன்சி ஃபெக்டர் (குடிக்கிற கரண்ட்டுக்கு நொய்ஸ் எவ்வளவு எண்ட அளவு, குறைஞ்சா நல்லம்) காகிதத்தில 3 கிட்ட வரும், ஹரிசன் ஆக்களின்ரது 4. ஃபிளிக்கர் சேர்ந்தா எங்கடதும் கூடும், துள்ள வேண்டாம்.

சிஆர்2032 பற்றரி ஒண்டில 220 மில்லி அம்பியர் மணித்தியாலம் மாதிரி இருக்கு. 1.4 மைக்ரோவால பிரிச்சா கிட்டத்தட்ட 18 வருசம், அதுக்கு முதல் பற்றரி தானாவே செத்துப் போகும். அப்ப இதுக்கு மேல ஆம்ப்ளிஃபையரில பிசுங்கி 0.2 மைக்ரோ மிச்சம் பிடிக்கிறதில அர்த்தமில்ல. 3 வோல்ற்றை 1.8 ஆக்கிற ரெகியூலேட்டர் தான் சும்மா இருக்கேக்க எவ்வளவு குடிக்குது எண்டு பாருங்கோ, சாதாரண ரெகியூலேட்டர் ஒண்டு எங்கட ஆம்ப்ளிஃபையரை விடப் பல மடங்கு குடிக்கும், நானோ அம்பியர் வகைதான் வேணும்.

சிமியூலேஷனில ஒரு பொறி

என்ஜிஸ்பைஸ் தானாவே ஒவ்வொரு ஜங்ஷனுக்கும் பக்கத்தில ஜிமின் எண்டு ஒரு குட்டிக் கண்டக்டன்ஸ் போடும், அது 1 பிகோ சீமன்ஸ், அதாவது 1000 கிகா ஓம். மற்றச் சேர்கிட்டுக்கு இது ஒண்டுமே இல்ல. எங்கட சூடோ ரெசிஸ்டருக்கு அது சமமான ஆள், நீங்கள் பாக்கிற கோணர் உங்கட ட்ரான்சிஸ்டரின்ரதா சிமியூலேட்டரின்ரதா எண்டு தெரியாமல் போயிடும். ஒப்ஷனில ஜிமினை 1000 மடங்கு குறைச்சுப் போட்டு ஓடுங்கோ, கொன்வெர்ஜ் ஆகக் கொஞ்சம் அடம் பிடிக்கும், நோட்களுக்கு ஆரம்ப வோல்ற்றேஜ் குடுத்தா வழிக்கு வரும்.

பிறகு 5 ப்ரொசெஸ் கோணரிலயும் (ட்ரான்சிஸ்டர் வேகமாவோ மெதுவாவோ வாற எல்லைகள்), 10, 27, 60 பாகையிலயும், சப்ளை 1.6 இல இருந்து 2 வோல்ற் வரைக்கும் ஓட்டுங்கோ. மெதுவான கோணரில குளிரில த்ரெஷோல்ட் உயரும், டெயிலுக்கு இடம் இருக்கோ எண்டு அங்கதான் பாக்கோணும். ஒரே ஸ்டேஜ், லோடும் பெரிசு எண்டதால ஸ்டெபிலிட்டி பெரிய பிரச்சினை தராது, ஒருக்கா பேஸ் மார்ஜினைப் பாத்திட்டு விடுங்கோ. மொன்டே கார்லோவையும் (மிஸ்மெச்சை எழுமாறா மாத்தி மாத்திப் பாக்கிறது) ஓட்டுங்கோ, கரண்ட் போற நேரம் பாத்து ஓட்ட வேண்டாம், அவ்வளவுதான் சொல்லுவன்.

லேயவுட்

இன்புட் பெயரை நாலாப் பிரிச்சு ஏபிபிஏ எண்டு கொமன் சென்ட்ரொயிட்டா வையுங்கோ, ரெண்டு ஓரத்திலயும் டம்மி. மிரரும் அப்பிடியே. 0.2 பிகோஃபெரட் கப்பாசிட்டர்தான் நோஞ்சான், அதுக்குப் பக்கத்தால போற வயரில 5 ஃபெம்டோஃபெரட் ஒட்டினாலே கெயின் 2.5 சதவீதம் மாறும், அதனால அவுட்புட் வயரை இன்புட் கேட் நோடுக்குக் கிட்டவே கொண்டு போகாதேங்கோ, நடுவில கிரவுண்ட் மெட்டல் ஒண்டு ஓட விடுங்கோ. லேயவுட்டில இருந்து எக்ஸ்ட்ராக்ட் பண்ணின நெட்லிஸ்ட்டை (சேர்கிட் பட்டியல்) வைச்சுத் திரும்ப எல்லாம் ஓட்டாமல் அனுப்ப வேண்டாம். இந்த ப்ரொசெஸில கேட் ஒக்சைட் 4 நானோமீற்றர் கிட்டத் தடிப்பு, ஆனபடியா கேட்டால ஒழுகிறது பெரிசா இல்ல, இதே டிசைனை 65 நானோமீற்றருக்குக் கொண்டு போனா அந்த ஒழுக்கே சூடோ ரெசிஸ்டரின்ர டிசியைத் தள்ளி விட்டிடும்.

கடைசியா பாட், சிப்பில வெளி வயர் வந்து ஒட்டுற இடம். ஹைட்ரோஃபோன் வயர் வந்து சேருற பாட்டில ஈஎஸ்டி டையோட் (ஸ்டற்றிக் அடியில இருந்து சிப்பைக் காக்கிறது) இருக்கும், அது சூட்டில நானோ அம்பியர் வரைக்கும் ஒழுகலாம். பீசோவுக்குக் குறுக்கால வெளியில 10 மெகா ஓம் ஒண்டு போட்டா 1 நானோ அம்பியருக்கு 10 மில்லிவோல்ற் டிசிதான் ஏறும், அதையும் 20 பிகோஃபெரட் கப்பாசிட்டர் உள்ளுக்கு விடாது. 5 நானோஃபெரட் பீசோவோட அந்த ரெசிஸ்டர் 3 ஹெர்ட்ஸில கோணர் போடும், எங்கட 10 ஹெர்ட்ஸுக்கு அது இடைஞ்சல் இல்ல. ஆனா இன்புட் கேட் நோடை மட்டும் சோதிச்சுப் பாக்கிறதுக்கு எண்டு ஒரு பாட்டில இணைச்சுப் போடாதேங்கோ, அந்த ஈஎஸ்டி டையோட் சூடோ ரெசிஸ்டருக்குப் பக்கத்தில வந்து குந்தினா ஆம்ப்ளிஃபையர் வேலையே செய்யாது. பாக்கோணும் எண்டா அவுட்புட்டுக்குப் பிறகு ஒரு பஃபர் வைச்சு, அதுக்குத் தனி ஸ்விட்ச் குடுத்து, மேசையில அளக்கேக்க மட்டும் ஓன் பண்ணுங்கோ.